பெட்டியைக் குறை, ஊரையும் குறை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். 21 நாளில் ஒன்பது ஊர்! மாப்பிள்ளையும் நீயும் பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே பாதிப் பயணம் போய்விடும். ஸ்லோவேனியாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. தலைநகர் லியூப்ளியானாவில் 6 நாள், போஹின் ஏரிக்கரையில் 10 நாள், இத்தாலி எல்லையில் இருக்கும் நோவா கொரீட்சாவில் 5 நாள்.

முதலில் விசா. ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் தேதிகள் ஒன்று, தங்க அனுமதித்த நாட்கள் வேறு. பலர் கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள்தான். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

நீ பிளெட் என்ற ஏரி ஊருக்கு ரயில் போட்டிருக்கிறாய். அங்கே இரண்டு ஸ்டேஷன் உண்டு. லியூப்ளியானா ரயில் நிற்பது லெஸ்ட்சே பிளெட்டில். ஏரி அங்கிருந்து 4 கிலோமீட்டர். பிளெட் யெசெரோதான் ஏரிக்கு மேலே இருப்பது. ஆனால் அது வேறு பாதை, யெசெனிட்செயில் மாற வேண்டும். இந்தக் குழப்பமே வேண்டாம், லியூப்ளியானாவிலிருந்து போஹினுக்கு நேர் பஸ் பிடி. ரிப்செவ் லாஸில் இறங்கினால் ஏரி எதிரிலேயே.

ஏரியைச் சுற்ற 12 கிலோமீட்டர். தென்கரையில் கார் ரோடு, வடகரையில் காட்டுப்பாதை. வடகரையில் நடந்துபோய், திரும்பும்போது ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கும் உக்காண்ட்ஸிலிருந்து பஸ் ஏறு. கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். மலை ஏறுவதானால் விடிந்ததுமே கிளம்பு. சாவிட்சா அருவிக்கு ஐந்நூறு படிக்கு மேல், மாப்பிள்ளை முழங்காலைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வை.

போஹினிலிருந்து நோவா கொரீட்சாவுக்குக் கிளம்ப மட்டும் ரயில். ஏரியிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி போஹின்ஸ்கா பிஸ்ட்ரிட்சா ஸ்டேஷன். 1906-இல் திறந்த பாதை, ஆஸ்திரிய ஆட்சியில் திரியெஸ்தே துறைமுகத்துக்காகப் போட்டது. ஏறி உட்கார்ந்ததும் 6.3 கிலோமீட்டர் சுரங்கம். சுரங்கம் குடையும் மலையின் இந்தப் பக்கத்து மழைநீர் கருங்கடலுக்குப் போகும், அந்தப் பக்கத்தது ஏட்ரியாட்டிக்குக்கு. முடிவில் சோச்சா ஆற்றின் மேல் சொல்கான் பாலம். அதன் 85 மீட்டர் கல் வளைவு ரயிலுக்குள்ளிருந்து தெரியாது. மறுநாள் ஆற்றோரமாக நடந்துபோய்க் கீழேயிருந்து பாருங்கள். இந்தப் பாதையில் ஒரு நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன. தண்டவாள வேலை நடந்தால் பஸ் விடுவார்கள். முந்தின நாளே நேரம் பார்த்துவிடு.

நோவா கொரீட்சா ஸ்டேஷன் வாசலிலேயே எல்லைக்கோடு. நாலடி வைத்தால் இத்தாலி. அங்கிருந்த வேலியை 2004-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 2023 அக்டோபரில் இத்தாலி அந்த எல்லையில் மறுபடி சோதனை வைத்தது, அதனால் காபி குடிக்கப் போனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லைதானே? மாற்றிய திட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அப்பா