துலிக் காட்டில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

மஷாட்டு சரணாலயத்துப் படங்கள் வந்தன. யானைத் தடத்திலேயே சைக்கிள் ஓட்டுகிறாயாம். கூடலூரில் பிறந்தவனுக்கு நான் சொல்லித் தந்ததெல்லாம் போட்ஸ்வானா போனதும் தலைகீழாகிவிட்டதா? ஆனாலும் அந்தத் தடத்தைப் பார்த்தால் எனக்கே ஆசையாகத்தான் இருக்கிறது. யானைகள் மிதித்து மிதித்துச் சமமாக்கிய மண்; நம் பஞ்சாயத்துச் சாலை வெட்கப்பட வேண்டும்.

துப்பாக்கியோடு முன்னால் போகிற வழிகாட்டியை மட்டும் முந்தாதே. நம் ஊரில் கொம்பனைக் கண்டு பயப்படுவோம்; அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. ஜீப் வந்தால் தூரத்திலேயே அதற்குக் கேட்டுவிடும். சைக்கிளுக்கு ஏது சத்தம்? மொபானே மரங்களுக்குப் பின்னாலிருந்து நீ திடீரென்று முளைத்தால், குட்டியோடு நிற்பது என்ன நினைக்கும்? சிங்கத்தைக் கண்டால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதே. ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். இறங்கி எல்லோரோடும் சேர்ந்து நில். முள் குத்திக் காற்று இறங்கினால் வரிசையை நிறுத்தச் சொல். தனியாக நின்று ஒட்டாதே. வழிகாட்டியை முந்தாதே, சொன்னேன் அல்லவா.

டீக்கடையில் எல்லோருக்கும் படத்தைக் காட்டினேன். லிம்போபோ ஆற்றைத் தாண்டினால் தென்னாப்பிரிக்கா, ஷாஷே ஆற்றைத் தாண்டினால் ஜிம்பாப்வே என்று விளக்கினேன். பெருமைதான். காட்டில் நாள் முழுக்க மிதிக்கத் தெம்பு இருக்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசத்தான் முடியவில்லை.

அம்மா படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற எல்லோருக்கும் தலைக்கவசம். யார் யாரென்று தெரியவில்லை. வித்யாவுக்குச் சைக்கிள் ஓட்ட வராது என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அவள் பிறந்தநாளுக்குப் போன் செய்தோம், எடுக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாள். உன் சித்தப்பா வீட்டு விஷயத்தை அம்மா மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

யானை நின்றால் நீயும் நில். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்.

பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கோயம்புத்தூருக்குக் கார் சொல்ல வேண்டும். பெரிய வண்டியா, சின்ன வண்டியா என்று மட்டும் முன்கூட்டியே எழுது. சின்னது போதும் என்றாலும் பரவாயில்லை, வா.

அப்பா