விரலை எடுக்காதவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. என் முழங்கால் வலி பரவாயில்லை, இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறேன். அதை விடு.

விடுப்பில் வந்த உன் மகன், கவிழ்ந்து கிடந்த பஸ்ஸுக்குள் ஜன்னல் வழியாக இறங்கியிருக்கிறான். தொடையில் ரத்தம் பீறிட்ட ஒரு பெரியவரை, ஆம்புலன்ஸ் வரும்வரை துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இதை நாலே வரியில் எழுதிவிட்டு, “உனக்கு ஏன்டா இந்த வேலை” என்று அவனைத் திட்டியதை மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாயே! பெற்ற மனசு, புரிகிறது. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

2015 ஆகஸ்ட் 21 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் போன தாலிஸ் ரயிலில் நடந்தது நினைவிருக்கிறதா? அமெரிக்க விமானப்படையின் ஸ்பென்சர் ஸ்டோன் நண்பர்களோடு விடுமுறையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். ரயிலில் தூங்கி விழித்தவர், துப்பாக்கியோடு வந்தவன்மேல் வெறுங்கையோடு பாய்ந்தார். நண்பர்களும் சேர்ந்து அவனை அடக்கினார்கள். உலகம் அந்தப் பாய்ச்சலைத்தான் பேசியது. பிரான்ஸ் தன் உயரிய விருதையே கொடுத்தது.

எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. அவருக்கே கழுத்தில் வெட்டு, கட்டைவிரல் கிட்டத்தட்ட துண்டாகித் தொங்கியது. பக்கத்தில் குண்டடிபட்ட ஒரு பயணியின் கழுத்திலிருந்து ரத்தம் பீய்ச்சுகிறது. சட்டையால் அடைக்கலாம் என்று நினைத்தவர், அது ஆகாது என்று கண்டு, காயத்துக்குள்ளேயே இரண்டு விரலை விட்டு ரத்தக்குழாயைத் தேடி அழுத்தினார். ரத்தம் நின்றது. உதவி வரும்வரை விரலை எடுக்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தார். விமானப்படையில் அவர் கற்றது மருத்துவ உதவி வேலை.

பாய்வதற்கு ஒரு நொடி வேகம் போதும். தன் உடம்பு வலிக்க வலிக்க இன்னொருவர் காயத்தை விடாமல் பிடித்திருப்பது வேறு ஜாதி தைரியம். உன் பிள்ளை செய்ததும் அதுதான். சீருடையைக் கழற்றி வைத்தாலும் கை கற்றதை மறக்குமா?

இனி திட்டாதே. ஊரைக் கூட்டி மாலையும் போடாதே. ராத்திரி தூங்கினானா, சரியாகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் கேள். அந்தப் பெரியவரின் முகம் அவன் கண்ணுக்குள் நிற்கும். பேச வந்தால் பேசட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு.

விடுப்பு முடிந்து அவன் கிளம்புவதற்குள் நானே வருகிறேன். அந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும்.

உன் பழைய நண்பன்