ஒரு சாண் கயிறும் பாரதியும்: பாடநூல் ஆக்கும் அறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்கும் குழுவினருக்கு வணக்கம்.

பாரதியார் எந்த வகுப்பில் பாடமாக வந்தாலும் அவரைப் பற்றிய குறிப்பு ஏறத்தாழ ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. 1882இல் எட்டயபுரத்தில் பிறந்தார், 1921இல் மறைந்தார், இன்னின்ன நூல்களை இயற்றினார், இன்னின்ன இதழ்களை நடத்தினார், இன்னின்ன அடைமொழிகளால் போற்றப்பட்டார் என்பதோடு அது முடிந்துவிடும். மீதியை வகுப்பறையில் ஆசிரியர்கள் வறுமைக் கதைகளைக் கொண்டு நிரப்புகிறார்கள். அரிசியைக் குருவிகளுக்கு இறைத்ததும் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதும் மாணவர் மனத்தில் நிற்கின்றன. ஆனால் அவருக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

‘சிந்துக்குத் தந்தை’ என்று பாரதிதாசன் அவரைப் புகழ்ந்ததை ஒரு மதிப்பெண் வினாவுக்காக நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். சிந்து என்னும் இசைப்பாட்டு வகை காதில் எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் அவர்களுள் பலருக்குத் தெரியாது. காவடி தூக்கிச் செல்வோர் பாடிய மெட்டும், நொண்டி நாடகத்தில் ஒலித்த மெட்டும், பெண்கள் கைகொட்டி ஆடிய கும்மியும் புலவர்களின் ஏட்டுக்கு வெளியே, தெருவிலும் களத்திலும் வாழ்ந்தவை. நாட்டின் இழிநிலை கண்டு நெஞ்சு பொறுக்காமல் பாடியபோது அவர் எடுத்துக்கொண்டது நொண்டிச் சிந்து. பெண் விடுதலைக்கு எடுத்துக்கொண்டது கும்மி. விடியற்காலையில் குடுகுடுப்பையை ஆட்டிக்கொண்டு வந்து, நல்ல காலம் வருகுது என்று குறிசொல்பவனின் குரலை அப்படியே வாங்கி, சாதிகள் சேரும், சண்டைகள் தொலையும் என்று நாட்டுக்கே குறிசொல்ல வைத்தார். அந்தப் பாட்டான ‘புதிய கோணங்கி’யைப் படிக்கும் மாணவன் முதலில் ஒரு குடுகுடுப்பைக்காரரின் குரலைக் கேட்டிருக்க வேண்டாமா?

தம் காது எங்கெங்கே போய் நின்றது என்பதற்குக் குயில் பாட்டில் குயிலின் வாய்வழியே அவர் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஏற்றம் இறைப்பவரின் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் எழுப்பும் ஒலி, சுண்ணம் இடிப்பவரின் பண், வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, வட்டமிட்டுக் கொட்டும் கும்மி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. குழலும் வீணையும் அதில் உண்டு. ஆனால் அவை உழைப்பவரின் பாட்டுகளுக்குப் பிறகுதான் வருகின்றன. கற்பனைக் கதையில் வரும் வரிகள்தானே என்று தள்ளிவிடலாம். என் மதிப்பீட்டில், கவிதை பற்றி அவர் தந்த வாக்குமூலங்களுள் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

கண்ணுக்கும் அப்படியொரு சான்று உண்டு. அவருடைய வசன கவிதையில் காற்றைப் பற்றிய பகுதி ஒரு வீட்டு மாடியில் போட்ட தென்னோலைப் பந்தலில் தொடங்குகிறது. மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டி மேலே கிடுகு விரித்திருக்கிறார்கள். கட்டியது போக ஒரு கழியில் ஒரு சாண் கயிறு மிச்சமாகத் தொங்குகிறது. காற்றில் அது ஊசலாடுவதைப் பார்க்கிறார். பக்கத்தில் இன்னொரு கயிறு. இரண்டுக்கும் கந்தன், வள்ளியம்மை என்று பெயர் சூட்டி, அவற்றைக் கணவனும் மனைவியுமாக்கிப் பேசவைத்து, அங்கிருந்து காற்றுத் தேவனின் தரிசனத்துக்குப் போகிறார். வேத ரிஷிகளின் வாயு வழிபாடும் அமெரிக்கக் கவிஞர் விட்மனின் தளைகளற்ற நடையும் அவர் அறிந்தவை. ஆனாலும் கட்டிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத கயிற்றுத் துண்டு ஒன்று இல்லாமல் அந்தப் படிப்பு கவிதையாகியிருக்காது. பாடநூலில் இந்தப் பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்து அடைமொழிகள் செய்யாத வேலையை அது செய்யும்.

படிப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் மேல் கொண்ட பற்றால் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் அவர். கம்பனும் இளங்கோவும் வள்ளுவரும் அவருக்கு எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தார்கள். கண்ணனைத் தாயாகவும் குழந்தையாகவும் காதலனாகவும் பாடுவதற்கான வழியை ஆழ்வார்கள் முன்பே போட்டுவைத்திருந்தார்கள். ஆனால் கண்ணனைச் சேவகனாக்கியபோது, பானைக்குள் இருந்த தேள் பல்லால் கடித்துவிட்டது என்று விடுப்புக்குக் காரணம் சொல்லும் வேலைக்காரர்களை எந்தப் பாசுரத்திலிருந்தும் அவர் எடுக்கவில்லை. அது வீட்டு வாசலில் கேட்ட பேச்சு.

இன்னொரு ஊற்று செய்தித்தாள் மேசை. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்க்கும் வேலையைப் பார்த்தவர் அவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களை அவர் நேரில் கண்டதில்லை. ரஷ்யாவுக்கும் பெல்ஜியத்துக்கும் போனதில்லை. செய்தியாக வந்தவை பாட்டாயின. அதே வேளையில், 1908இல் புதுச்சேரிக்குப் போன பிறகு, 1910இல் ‘இந்தியா’ இதழ் நின்று, நாள்தோறும் எழுதித் தீர்க்க இடமில்லாமல் போன காலத்தில்தான் பாஞ்சாலி சபதம் போன்ற நீண்ட படைப்புகள் பிறந்தன என்பதையும் மாணவர்கள் அறியலாம். வறுமைதான் கவிஞனை ஆக்குகிறது என்ற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து ஊட்டாதீர்கள். பசி அவருடைய நேரத்தைத் தின்றதே தவிர, ஒரு வரியைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த திருத்தப் பதிப்பில் பாரதி பாடத்தின் அறிமுகக் கட்டத்தில் ஆண்டுகளையும் நூற்பெயர்களையும் மூன்று வரிகளில் முடித்துக்கொண்டு, மீதி இடத்தில் குயில் பாட்டின் அந்தப் பட்டியலை அச்சிடுமாறும், கியூஆர் குறியீட்டின் வழியே நொண்டிச் சிந்தும் கும்மியும் ஏற்றப்பாட்டும் பாடக் கேட்கும்படி செய்யுமாறும் வேண்டுகிறேன். ‘சிந்துக்குத் தந்தை யார்’ என்ற வினாவுக்குப் பதிலாக, மாணவர் தம் தெருவில் கேட்ட ஒரு குரலையோ கண்ட ஒரு பொருளையோ வைத்து எட்டு வரி எழுதச் சொல்லி, அதற்கு ஐந்து மதிப்பெண்ணாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்