பாத்தி கட்டிய தளமும் ஆறு மணி ஆராதனையும்: குருசேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழு அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

18 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் கற்பித்தவள், அதற்கும் முன்னாலிருந்தே பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் நின்று பாடியவள் எழுதுகிறேன். மூன்று ஞாயிறு நான் ஆராதனைக்கு வராததால், ஆலய வாசலில் ஒட்டியிருக்கும் ஊழியப் பட்டியலில் என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அடிமட்டம் வைத்து, கோணாமல் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லாம் என்ன ஆயிற்று என்று தனித்தனியாக விசாரிக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட உங்களுக்கும் அவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆனது இதுதான். என் மாமியாருக்கு 84 வயது. முழங்கால் மடங்காது. மாடியில் இருந்த அவருக்குக் கீழே ஓர் அறையும், உட்கார வசதியான கழிப்பறையும் கட்ட ஆரம்பித்தோம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்; வீட்டுக்காரருக்கு ஷிப்டு வேலை. அதனால் ஜல்லி வந்தாலும் எம்-சாண்ட் வந்தாலும் இறக்கும் இடம் காட்ட நான்தான் நிற்க வேண்டும். சித்திரை முடிந்து தளம் போட்டோம். மே மாத மதுரை வெயிலில் தளம் போட்டவர்களுக்குத் தெரியும், போடுவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. குறைந்தது 7 நாள், கோடையில் 10 நாளாவது கான்கிரீட் காயாமல் இருக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். தளத்தின் மேல் கலவையால் சிறு வரப்புகள் போட்டு, நாற்று மேடைபோலப் பாத்தி பிரித்து, அதில் தண்ணீர் நிறுத்துவோம். காலையில் நிரப்பினால் பதினோரு மணிக்கு ஓரங்கள் வெளுக்கத் தொடங்கும். ஒரு பாத்தி வற்றினால் போதும், முடி போன்ற விரிசல் ஓடிவிடும். காகங்களுக்கு மட்டும் அந்தப் பத்து நாளும் கொண்டாட்டம்.

இதற்கும் ஆராதனைக்கும் மோதல் வரவே இல்லை. ஆறு மணி ஆராதனை இருந்தவரை வரவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பி, ஆறு மணிக்குப் பாடி, ஏழரைக்கு வீடு திரும்பி, வெயில் ஏறுமுன் குழாயைத் திறந்துவிடலாம். கறிக்கடையில் கூட்டம் சேர்வதற்குள் கறியும் வாங்கிவிடலாம். (சிரிக்காதீர்கள்; ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அதுவும் ஒரு கணக்கு.)

அந்த ஆராதனையைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இனி எட்டரை மணிக்கு ஒரே ஆராதனை, திரையில் பாட்டு வரிகள், கீபோர்டு, டிரம்ஸ். கீர்த்தனைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. தீர்மானித்தது ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில். அதே சனிக்கிழமைதான் என் வீட்டில் தளம் போட்டார்கள். கலவை இயந்திரம் தாமதமாக வந்ததால் கடைசிச் சட்டி கொட்டும்போது மணி ஐந்தரை. தளம் போடும் நாளில் வேலையாட்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். 14 பேருக்கு இலை எடுத்து நிமிரும்போது உங்கள் கூட்டம் முடிந்திருந்தது. நாற்பது நிமிடம்தான் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்தைப் பற்றிய அறிவிப்பை முந்தின ஞாயிறு எட்டரை ஆராதனையில் மட்டும் வாசித்திருக்கிறீர்கள். எந்த ஆராதனையை நிறுத்தப் போகிறீர்களோ, அதற்கு வருகிறவர்களின் காதில் அது விழவே இல்லை.

நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனெரிகள் கொண்டுவந்தது சபையார் கூடித் தீர்மானிக்கும் மரபு. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தபோதும் அந்த மரபைக் கைவிடவில்லை. ஆயர்களும் பேராயர்களும் உள்ள மரபோடு இது எப்படி ஒட்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோதுதான் முடிந்தது. 28 ஆண்டுகள். ஓர் ஆராதனையை நிறுத்த 28 ஆண்டு பேசச் சொல்லவில்லை. நாற்பது நிமிடத்துக்கும் அதற்கும் நடுவே எங்கேயாவது நின்றிருக்கலாம்.

ஆறு மணிக்கு யார் வந்தார்கள் என்று உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? இரவு ஷிப்டு முடித்து, வெள்ளைச் சீருடை கசங்க வந்து கடைசி வரிசையில் உட்காரும் செவிலியர் இருவர். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, சட்டையில் வெங்காயச் சருகோடு வரும் ஒருவர். ஞாயிறு சவாரியை விட முடியாத ஆட்டோக்காரர்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் மருமகள்கள். அறுபது பேர் இருப்பார்கள். பண்டிகை என்றால் கூடும். அவர்களில் பாதிப் பேரை எட்டரை மணிக்கு நான் பார்க்கவில்லை.

அந்த மூன்று ஞாயிறுகளுக்கு வருகிறேன். முதலாவது, தளம் போட்ட மறுநாள். மூன்றாவது, விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள். பிள்ளைகளின் பாட்டைக் கேட்க முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது என் தவறு. அன்று டைல்ஸ் பார்க்கப் போனேன். வேறு நாளில் போயிருக்கலாம். பாடகர் குழுத் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லாததும் தவறுதான். தெருவில் ஜல்லி கொட்டியிருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். இதற்காக என்னைக் கூப்பிட்டுக் கண்டித்திருந்தால் தலை குனிந்து கேட்டிருப்பேன்.

கூப்பிடவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டீர்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ஆகாய் தீர்க்கதரிசியின் மச்சுப்பாவப்பட்ட வீடுகள் வந்தன; ஆலயம் பாழாய்க் கிடக்க, ஜனங்கள் தங்களுக்கென்று பலகை வேய்ந்து கட்டிக்கொண்ட வீடுகள். பலர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா, ஆகாய் பேசியது ஆண்டுக்கணக்காக ஆலயத்தைப் பாழாகக் கிடக்க விட்டவர்களிடம். நம் ஆலயம் அப்படிக் கிடக்கவில்லையே. மண்டபத்துக்கு மாடி கட்டும் வேலை மூன்றாம் ஆண்டாக நடக்கிறது. அதற்கு என் வளையல் ஒன்றும் போயிருக்கிறது. சபையின் கட்டடத்துக்கு மூன்று ஆண்டு பொறுத்த நீங்கள் மாமியாரின் கழிப்பறைக்கு மூன்று வாரம் பொறுக்கக் கூடாதா? புது வீடு கட்டிப் பிரதிஷ்டை பண்ணாதவன் யுத்தத்திலிருந்தே திரும்பிப் போகலாம் என்கிறது உபாகமம் 20. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தள்ளிவிட்டவர்களைப் பற்றி ஆண்டவர் என்ன சொன்னார் என்பது மாற்கு 7இல் இருக்கிறது. நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என் கொத்தனார் மேலூர்ப் பக்கத்துக்காரர். அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று ஒரு வாரம் வரவே இல்லை. மதுரையில் அந்த வாரம் யாருக்கும் கொத்தனார் கிடைக்க மாட்டார், கோபித்துப் பயனில்லை. போகும்போது கரண்டியையும் மணியாசுக் கட்டையையும் கழுவி, படிக்கட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து அதே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அவரிடம் நான் விளக்கக் கடிதம் கேட்கவில்லை.

ஊழியத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்கிறேன். வீடு கட்டுகிறவர், பிரசவம் பார்க்கிறவர், படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கிறவர் ஆறு மாதம் வரை பட்டியலிலிருந்து விலகி இருக்கட்டும். பெயர் மேல் கோடு வேண்டாம். பக்கத்தில் ‘விடுப்பு’ என்று எழுதினால் போதும். முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கட்டும். அது எனக்கும் பாடம்தான்.

ஆறு மணி ஆராதனையைப் பற்றி ஆயர் ஐயாவின் சிரமம் புரியாமல் பேசவில்லை. இங்கே இரண்டு ஆராதனை முடித்து, கிளைச் சபைகளுக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறவர் அவர். ஆனால் காலை ஜெபத்தை ஆயர்தான் நடத்த வேண்டும் என்று விதி இல்லை. சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நன்றாகப் பிரசங்கிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். திருவிருந்துக்கு மட்டும் முதல் ஞாயிறு ஐயா வந்தால் போதும். டிரம்ஸுக்கு நான் எதிரி அல்ல. அதை அடிக்கும் பையன் என்னிடம் ஞாயிறு பள்ளி படித்தவன், தாளம் தப்பாதவன். எட்டரை மணி அவர்களுக்கு இருக்கட்டும். ஆறு மணியை என்ன செய்வது என்பதைச் சபைப் பொதுக்கூட்டத்தில் வைத்துத் தீர்மானியுங்கள். அறிவிப்பைக் கிளைச் சபைகளிலும் வாசியுங்கள்.

என் கீர்த்தனைப் புத்தகத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. தண்ணீர் கட்டிவிட்டுக் கையைச் சரியாகத் துடைக்காமல் வந்த ஒரு காலையில் பதிந்தது. இறுகிவிட்டது, போகவில்லை.

பூச்சு வேலை முடிந்துவிட்டது. அறையைப் பிரதிஷ்டை செய்ய ஆயர் ஐயா வந்து ஜெபிக்க வேண்டும் என்று மாமியார் சொல்லச் சொன்னார். ஆறு மணிப் பாடகர் குழுவைப் பாடக் கூப்பிட்டிருக்கிறேன். ஐயாவுக்கு எந்த நாள் வசதி என்று ஆலயப் பணி செய்யும் கோயில்பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். மாலையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இருட்டுவதற்குள். வாசல் படிக்கு இன்னும் கைப்பிடி மாட்டவில்லை.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருத்தி,
மதுரை