மூலிகை ஆய்வுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்துவந்த மருத்துவனாகிய நான், மக்களிடையே நோய்கள் பரவும் விதத்தை ஆராயும் நோய்ப்பரவியலுக்கு மாறி மூலிகை மருந்துகளை ஆராயப் புகுந்ததற்கு ஒரு முதியவரே காரணம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் உட்கொண்டுவந்த அவருக்கு, அளவை எவ்வளவு கூட்டியும் பரிசோதனை முடிவு சீராகவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, உடன்வந்த மகள் கைப்பையிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரைப் புட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கல்லீரல் நொதிகளைத் தூண்டி வார்ஃபாரினை விரைவில் சிதைத்துவிடும் மூலிகை அது. வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்டிருந்தேன். அவரும் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது மருந்தே அல்ல. தந்தைக்கும் மகளுக்கும் என் முதல் நன்றி.

அதே பிழையை ஆய்வின் வினாத்தாளிலும் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர்களில் ஒருவர், "மருந்து என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள் ஐயா, உடம்புக்கு நல்லதென்று எதைச் சாப்பிடுகிறீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேட்போம்" என்றார். அதன்பிறகுதான் அலமாரிகள் திறந்தன. பொடிகளும் வேர்த்துண்டுகளும் பெயர்ச்சீட்டு உரிந்த புட்டிகளும் வெளியே வந்தன. அவருக்கும், பொறுமையாக எடுத்துக்காட்டிய குடும்பங்களுக்கும் நான் பட்ட கடன் பெரிது.

செடியைப் பார்க்காமல் பெயரை எழுதாதீர்கள் என்று கண்டித்த தாவரவியலாளரை முதலில் பிடிவாதக்காரர் என்றே நினைத்தேன். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் ஸ்டெஃபானியா வேருக்குப் பதிலாக, சீன மொழியில் ஏறத்தாழ அதே பெயருள்ள அரிஸ்டோலோக்கியா வேர் சேர்ந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுபட்டதை அவர் விளக்கியபின் வாதிடவில்லை. ஒவ்வொரு மாதிரியையும் உலர்த்தி, ஒட்டி, எண்ணிட்டு அவர் காத்துவைத்த தாள்களின்மீதுதான் எங்கள் தரவுகள் நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு முடிவைக் கைவிடச் செய்த புள்ளியியலாளருக்கும் (சற்று மனத்தாங்கலுடன்) நன்றி. மூலிகை சாப்பிடுவோர் நலமாக இருந்தால் அது மூலிகையாலா, அல்லது அவர்கள் புகைக்காமல், நாள்தோறும் நடப்பதாலா என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. கின்கோ என்னும் மரத்தின் இலைச்சாறு நினைவாற்றலைக் காக்கும் என்ற நம்பிக்கையை, 3,069 முதியோரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2008இல் பொய்யாக்கியதை அவர் நினைவூட்டினார். மறதிநோய், கின்கோ சாப்பிட்டோர், வெற்று மாத்திரை சாப்பிட்டோர் ஆகிய இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்திருந்தது.

அறநெறிக் குழுவினருக்கும், என் நேரங்கெட்ட நேரத்து வேலையைச் சகித்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி.

ஆய்வுக்கெனத் தந்த புட்டிகளுள் சில இன்னும் என்னிடம் உள்ளன. பதிவெண்ணைச் சொன்னால், அதில் என்ன இருந்தது என்ற குறிப்புடன் உரியவரிடம் திருப்பித் தருகிறேன்.

நன்றியுடன்.