இறகும் காற்றும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ எழுதியிருந்த ஒரு வாக்கியம் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்ததால்தான் பதில் தாமதமாயிற்று. "தேவாலயத்தில் ஆர்கன் கேட்டபோது என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கேட்ட ஹார்ப்சிகார்ட் தையல் இயந்திரம் ஓடுவது போல ஒரே கடகடப்பு. அந்த மனிதருக்கு விரல் இருக்கிறது, மனம் இல்லை" என்று எழுதியிருந்தாய். முதல் பாதி எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்ததோ அவ்வளவு வருத்தத்தை இரண்டாம் பாதி தந்தது. உன்னை அந்த இரண்டு கச்சேரிகளுக்கும் போகச் சொன்னவன் நான்தானே. நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். எனக்குத்தான் காது மங்கிவருகிறது. சோதித்துப் பார்த்த மருத்துவர், தாழ்ந்த ஒலிகள் பழுதில்லாமல் கேட்கின்றன, உச்ச ஒலிகள்தான் போய்க்கொண்டிருக்கின்றன என்றார். பேச்சில் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் நழுவிப்போவதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. இரண்டு காதுக்கும் கருவி போட்டாயிற்று. ஆனால் பேச்சுக்காக அமைத்த கருவி, இசை கேட்கும்போது சுரத்தையே கோணலாக்கிவிடுகிறது. மூன்று முறை நடையாய் நடந்து, இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பை வைத்துக்கொண்டேன். இதை நான் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உன் குற்றச்சாட்டுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நீ கண் கலங்கியதும் சலித்துக்கொண்டதுமான இந்த இரண்டு வாத்தியங்களுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. பியானோவில் கட்டையை ஓங்கி அழுத்தினால் ஓங்கி ஒலிக்கும், மெல்லத் தொட்டால் மெல்ல ஒலிக்கும். இவற்றில் அது நடக்காது. ஆர்கனில் கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் காற்று திறந்துவிடப்படுகிறது. ஹார்ப்சிகார்டில் ஒரு மெல்லிய மரத்துண்டு மேலெழும்ப, அதில் செருகிய இறகுக் காம்பு கம்பியைச் சுண்டிவிட்டுப் போகிறது. பழைய நாளில் பறவையின் இறகு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கோபமாக அடித்தாலும் அன்பாகத் தொட்டாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியென்றால் வாசிப்பவர் தன் மனத்தை எங்கே வைப்பார்? காலத்தில்தான். எப்போது தொடுவது, எப்போது கையை எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு சுரத்துக்கு முன்னால் இமைப்பொழுது தாமதித்தால், காது அந்தச் சுரத்தை அழுத்தமானதாக எடுத்துக்கொள்கிறது. முந்தைய சுரத்தை விடாமல் அடுத்ததன் மேல் படியவிட்டால் ஒலி கனக்கிறது. சுரக்கூட்டு ஒன்றை ஒரே அடியில் போடாமல் கீழிருந்து மேலாக விரித்தால் அது மென்மையாகிறது. நீ 'மனம் இல்லை' என்று சொன்ன அந்த மனிதர் இதையெல்லாம் செய்துகொண்டிருந்திருப்பார் என்றே நம்புகிறேன். உனக்கு அது எட்டவில்லை. நீயே எழுதியிருக்கிறாய், பெரிய அரங்கில் மாடத்தின் கடைசி வரிசையில் இருந்தேன் என்று. வீட்டுக் கூடத்தில் இருபது முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட வாத்தியம் அது. அதை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டால் மிஞ்சுவது வேகம் மட்டும்தான்.

ஆர்கனுக்கோ கட்டடமே துணை. 32 அடிக் குழாயின் அடிச்சுரம் விநாடிக்குச் சுமார் 16 அதிர்வுகள். மனிதக் காதின் கீழ்விளிம்பையும் தாண்டிய ஆழம் அது. அதைக் கேட்கிறோம் என்பதைவிட அதற்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே சரி. பெஞ்சு அதிரும், உள்ளங்கால் அதிரும். நான் போன ஆண்டு ஒரு பழைய தேவாலயத்தில் கேட்டதை உனக்குச் சொன்னேனா? ஆர்கன் எங்கள் முதுகுக்குப் பின்னால், உயரே மாடத்தில். நாங்கள் எல்லோரும் பலிபீடத்தைப் பார்த்தபடி, வாசிப்பவரின் முகம்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசிச் சுரக்கூட்டை அவர் விட்டபிறகும் ஒலி சில விநாடிகள் கூரையிலேயே நின்றது. என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு உள்ளங்கைகளையும் பெஞ்சின் பலகையில் பதித்து வைத்திருந்தார். ஒலி அடங்கிய பிறகும் எடுக்கவில்லை. பிறகு எல்லோரும் எழுந்து, திரும்பி, அண்ணாந்து பார்த்துக் கைதட்டினோம். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு சிறிய நரைத்த தலை தெரிந்தது. இத்தனை பெரிய ஒலி இந்தத் தலையிலிருந்தா வந்தது என்று நம்பவே முடியவில்லை. அந்த மாடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி இருப்பவனை ஒலி வந்தடைய ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி ஆகிறது. அதோடு பெரிய குழாய்கள் வாய் திறக்கவே நேரம் எடுக்கும். எதிரொலியை நம்பினால் தாளம் பின்னுக்கு இழுக்கும். வாசிப்பவர் தன் விரலைத்தான் நம்பியாக வேண்டும்.

கேட்பவர்கள் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1706 பிப்ரவரியில், ஜெர்மனியின் ஆர்ன்ஷ்டாட் நகரத் திருச்சபை அதிகாரிகள், அங்கே ஆர்கன் வாசித்துவந்த இருபது வயது பாக்கை, பின்னாளில் பெரும் இசையமைப்பாளரானவரை, கூப்பிட்டுக் கண்டித்தார்கள். நான்கு வார விடுப்பு வாங்கிக்கொண்டு, புக்ஸ்டஹூட என்ற மூத்த கலைஞரின் ஆர்கனைக் கேட்க லூபெக்வரை நடந்தே போய், ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் தங்கிவிட்டார் என்பது ஒரு குற்றம். பாடலுக்கு வாசிக்கும்போது விசித்திரமான சுரங்களைக் கலந்து சபையாரைக் குழப்புகிறார் என்பது இன்னொரு குற்றம். அந்தச் சபையாரை நான் பழிக்க மாட்டேன். பாட வந்தவர்களுக்குப் பாட்டு கைநழுவிப் போனால் எப்படி இருக்கும்? 14 ஆண்டுகள் கழித்து, ஹாம்பர்க்கில் அதே மனிதர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிக்க, மிக முதிய ஆர்கன் கலைஞரான ராய்ன்கென் கேட்டுவிட்டு, "இந்தக் கலை செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன், உம்மிடம் இன்னும் உயிரோடிருப்பதைப் பார்க்கிறேன்" என்றாராம். பாக் இறந்தபின் வெளிவந்த நினைவுக் குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானவர் தாமஸ் ரோசிங்ரேவ் என்ற இளைஞர். வெனிஸில் ஒரு பிரபுவின் வீட்டில் அவரை ஹார்ப்சிகார்ட் வாசிக்கச் சொன்னார்கள். நன்றாகவே வாசித்துவிட்டோம் என்ற திருப்தி அவருக்கு. அதுவரை மூலையில் கறுப்பு உடையோடு சத்தமில்லாமல் கவனித்துக்கொண்டு நின்ற ஒருவரை அடுத்து உட்காரச் சொன்னார்கள். அவர்தான் இத்தாலிய இசையமைப்பாளர் டொமெனிக்கோ ஸ்கார்லாட்டி. அவர் தொடங்கியதும் ஆயிரம் பிசாசுகள் வாத்தியத்தில் உட்கார்ந்துவிட்டதாக ரோசிங்ரேவுக்குத் தோன்றியதாம். அதன்பின் ஒரு மாதம் அவர் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு மாதத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பொறாமையாக இருந்திருந்தால் அங்கேயே கசந்து முடிந்திருக்கும். அவரோ ஸ்கார்லாட்டியோடு நட்புக் கொண்டார். 1739இல் லண்டனில் ஸ்கார்லாட்டியின் 42 படைப்புகளைத் தாமே பதிப்பித்து வெளியிட்டார். தன்னை வாயடைக்கச் செய்த இசையை ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் அவர்.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் கொலோன் நகர அரங்கில் மஹான் எஸ்பஹானி என்ற ஹார்ப்சிகார்ட் கலைஞர், அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967இல் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய படைப்பை வாசித்தார். ஒரு பகுதியை முன்பே பதிவு செய்து ஓடவிட்டு, மறுபகுதியை அதன்மேல் நேரில் வாசிப்பது முறை. ஒரே சிறு சொற்றொடர் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வரும். ஒன்று மற்றொன்றைவிட மயிரிழை மயிரிழையாக முந்திக்கொண்டு விலகும். அறிமுகத்தை ஆங்கிலத்தில் சொன்னதற்கே "ஜெர்மனில் பேசு" என்று ஒரு குரல். வாசிப்பு நடக்கும்போது கேலிக் கைதட்டல், விசில், எழுந்து வெளியேறுபவர்கள், அவர்களை அதட்டுபவர்கள். கடைசியில் அவர் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பிடிக்காமல் போக யாருக்கும் உரிமை உண்டு, எழுந்து போகவும் உண்டு. ஆனால் ஹார்ப்சிகார்டைக் கைதட்டலால் மூடுவது மிகச் சுலபம். அது திருப்பிக் கத்த முடியாத வாத்தியம். காலத்தின் மிகச் சிறிய விலகலைக் கேட்கத் தரும் படைப்பு அது. அந்த விலகலைக் கேட்கவிடாமல் செய்துவிட்டார்கள்.

உன் தம்பி கேட்டதாக எழுதியிருந்தாயே, வண்ண விளக்கும் மின்னும் உடையுமாக ஆர்கன் வாசிப்பவர்களைப் பற்றி. அதில் எனக்குச் சண்டை ஏதும் இல்லை. அமெரிக்க ஆர்கன் கலைஞர் வர்ஜில் ஃபாக்ஸ் 1970இல் நியூயார்க்கில் ஒரு ராக் அரங்கிலேயே ஒளிக்காட்சியோடு பாக் வாசித்தார், வேறெப்படியும் பாக்கிடம் வந்திராத இளைஞர்கள் வந்து கேட்டார்கள். தம்பிக்கு அது பிடித்தால் அங்கிருந்தே தொடங்கட்டும்.

இப்போது என் காதுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சிறிய கூடத்தில் ஹார்ப்சிகார்ட் கச்சேரி. மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. முதலில் ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா, ஒரே கட்டையை விரல் மாற்றி விரல் மாற்றி மழை போலத் தட்டும் அந்தச் சொனாட்டா. நடுவில் ஒரு சோதனைக்காக இரண்டு கருவிகளையும் கழற்றிப் பார்த்தேன். கம்பிகளின் பளபளப்பு அப்படியே அணைந்தது. எஞ்சியது மரச்சத்தம்: கட்டை இறங்கும் தட்டு, மரத்துண்டு திரும்ப விழும் தட்டு. நண்பா, அதுதான் உன் தையல் இயந்திரம். மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு சுரத்தின் முனையிலும் இறகு கம்பியை விடும் அந்தக் கூர்மை திரும்பி வந்தது. அந்தக் கூர்மை இருந்தால்தான் இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரிகிறது. இடைவெளி தெரிந்தால்தான் வாசிப்பவர் தெரிகிறார். ஆர்கனைக் கருவி இல்லாமலும் என் எலும்பால் கேட்டுவிடுவேன். இதற்குக் காதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகு பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், ஒரே அடிப்படையை முப்பது விதமாக மாற்றி மாற்றிச் சொல்லும் படைப்பு. 25ஆவது வேரியேஷனை ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா கறுப்பு முத்து என்பார். அது ஜி மைனரில், மிக நிதானமாக நடக்கும். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் நிகழ்ச்சிநிரல் தாளை விசிறியாக ஆட்டிக்கொண்டே இருந்தார். மேல் சுரம் ஒன்றை வாசிக்கப் போகும் இடத்தில் அந்தப் பெண் கலைஞர் கொஞ்சம் தாமதித்தார். தாமதம் என்று சொல்லவும் முடியாத அளவு. பெரியவரின் தாள் பாதி வழியில் நின்றுவிட்டது. சுரம் வந்து விழுந்து, தேய்ந்து, அடங்கியும் விட்டது. தாள் அப்படியே அந்தரத்தில் இருந்தது. அந்த வேரியேஷன் முடியும்வரை அவர் கையை இறக்கவில்லை.

இன்னொரு முறை போய்ப் பார், எனக்காக. முன்வரிசை டிக்கெட் கிடைக்காவிட்டால் அடுத்த கச்சேரிவரை பொறுத்திரு. அல்லது மழைக்காலம் முடிந்ததும் இங்கே வந்துவிடு, பேத்தியையும் பார்த்த மாதிரி ஆகும். சேர்ந்தே போகலாம். 25ஆவது வரும்போது நான் உன் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீயும் உடனே எதுவும் சொல்ல வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு எழுது.

உன் முதுகுவலி குறைந்ததா என்று எழுத மறக்காதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்