தீடையில் நின்ற நிமிடங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனுஷ்கோடிக்கு அப்பால் கடல் நடுவே உள்ள மணல் திட்டுகளான தீடைகளில் கடற்பறவைகள் முட்டையிட்டிருப்பது பற்றி சென்ற வாரம் உங்கள் நாளிதழில் செய்தியும் வண்ணப் படமும் வந்திருந்தன. இந்தத் தீடைகளைப் பற்றி வரும் செய்தி பெரும்பாலும் அகதிகள் வந்து இறங்கினார்கள், படகு பிடிபட்டது என்பதாகத்தான் இருக்கும். பறவைக்கு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி.

படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வானம் முழுக்க ஆலா என்னும் கடற்பறவைகள். நடுவில் தொப்பி போட்ட ஆய்வாளர் ஒருவர், உள்ளங்கையில் ஒரு குஞ்சு. பார்த்தவர்கள் எல்லாம் அழகான படம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அவருடைய நிழலைப் பார்த்தேன். காலைச் சுற்றி ஒரு சாண்கூட இல்லை. அதாவது உச்சி வெயில் நேரம். அத்தனை பறவையும் வானத்தில் கத்திக்கொண்டு இருக்கிறது என்றால் தரையில் முட்டைமேல் ஒன்றுகூட உட்கார்ந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு இரண்டு கோடைக்காலம் ஒரு பறவை ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருந்தேன். நோட்டில் எழுதுவது என் வேலை. அதனால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமையும் நிறையக் கடமையும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடைகாப்பது என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். தீடையில் பகலில் நடப்பது நேர்மாறானது. சிறிய ஆலா கூடு கட்டுவதில்லை. மணலில் நெஞ்சை வைத்து அழுத்தி, ஒரு கை அள்ளும் அளவுக்குப் பள்ளம் பறித்து, அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். மே மாதம் பத்து மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த நேரத்தில் தாய்ப்பறவை முட்டைமேல் இருப்பது நிழலுக்காக. நடுவில் கடலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். இதைத் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாயும் தகப்பனும் மாறி மாறி, மூன்று வாரம் இப்படி.

மனிதர் கால் வைத்ததும் அது எழுந்துவிடும். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். நாம் போகிறவரை இறங்காது.

அந்த இரண்டாவது கோடையில் ஒருநாள் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கவே நேரமாகிவிட்டது. வல்லம் என்னும் நாட்டுப்படகில் புறப்பட்டு நாங்கள் தீடையில் இறங்கும்போது பத்தே கால். இருபது நிமிட வேலை என்று சொல்லித்தான் இறங்கினோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் எண் போட்ட குச்சி நட வேண்டும், முட்டையை வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும், எடை போட வேண்டும். 17ஆம் குச்சியில் ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தது. காதருகே வைத்துக் கேட்டேன். உள்ளே இருந்து கீச் கீச் என்று மெல்லிய சத்தம். ‘நாளைக்கு வெளியே வந்துடும்’ என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

வல்லம் ஓட்டி வந்த அண்ணன் கரையில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டார். “சார், பறவ எந்திரிச்சு நிக்குது, வெயில் ஏறுது, போயிருவோம்.” இன்னும் கொஞ்சம்தான் என்று பதில் போனது. நாங்கள் ஏறும்போது பதினொன்றரை.

அடுத்த வாரம் போனோம். 17ஆம் குச்சியில் அந்த முட்டை அப்படியே இருந்தது. விரிசல் ஒரு பட்டாணி அளவுக்குத் திறந்திருந்தது. அதில் அலகு நுனி மட்டும் வெளியே. முட்டை ஓட்டை உடைப்பதற்கென்று அலகில் இருக்கும் அந்த வெள்ளைப் புள்ளிகூடத் தெரிந்தது. எல்லாம் காய்ந்துபோய், எறும்பு மொய்த்துக் கிடந்தது. நாங்கள் குச்சி நட்ட பகுதியில் அப்படி இன்னும் சில. நாங்கள் காலே வைக்காத கிழக்கு முனையில், அடம்புக் கொடிக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் நடுவில் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

நோட்டில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி உண்டு. அதில் ‘வெப்பம்’ என்று எழுதச் சொன்னார்கள், நானும் எழுதினேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் வெப்பம் தினமும் இருந்தது. நிழல் இல்லாமல் போனது நாங்கள் நின்ற அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான். அதை எழுத அந்த நோட்டில் பத்தியே இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. பறவை ஆராய்ச்சியாளர்களே இதைத் தங்கள்மேல் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் அந்தத் துறையின் பெருமை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள குரோசே தீவுக் கூட்டத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நூறு ராஜ பென்குயின்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஐம்பதுக்குத் துடுப்பு போன்ற இறக்கையில் அடையாள உலோகப் பட்டை, ஐம்பதுக்கு இல்லை. பட்டை மாட்டியவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு வளர்த்தன, அவை உயிர்பிழைக்கும் விகிதமும் 16 சதவீதம் குறைந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். பட்டை மாட்டிய பறவையை வைத்துத்தான் அதுவரை பலர் பென்குயின் எப்படி வாழ்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கனடாவில் வளைக்குள் முட்டையிடும் லீச் பெட்ரல் என்ற சிறு கடற்பறவையில், வாரம் ஒருமுறை அடைகாக்கும் பறவையைக் கையில் எடுத்துப் பார்த்ததற்கே குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வாரம் ஒருமுறைதான்!

எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் உள்ள ஆலாக் கூட்டங்கள் ஆய்வாளர்கள் அடிக்கடி வந்துபோவதற்குப் பழகிவிடுகின்றன, பெரிய சேதம் இல்லை என்று அங்கே பல வருடம் வேலை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரி. ஆனால் அங்கே இருக்கிற வெயில் வேறு. தினமும் போகிறவருக்குத்தான் பறவை பழகும். நம் தீடைக்குப் போகிறவர்கள் ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு முறை, அனுமதி கிடைத்த நாளில், கிடைத்த நேரத்தில் போகிறார்கள். அந்தப் பறவைக்கு நாம் எப்போதும் அந்நியர்தான்.

டிரோன் அனுப்பினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. 2021இல் கலிபோர்னியாவின் போல்சா சிக்காவில் யாரோ பறக்கவிட்ட டிரோன் ஆலாக்கள் அடைகாக்கும் இடத்தில் விழுந்தது. மிரண்டுபோன பறவைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் போய் எண்ணாவிட்டால் அங்கே பறவை இருக்கிறது என்பதே வெளியே தெரியாது. நாளைக்குத் தீடைக்குச் சுற்றுலாப் படகு விடலாம் என்று யாராவது கிளம்பினால், வேண்டாம் என்று சொல்லக் கையில் கணக்கு வேண்டும். நான் கேட்பது வேறு. விடிந்து ஏழரைக்குள் வேலையை முடிக்கட்டும். முடியாவிட்டால் இறங்காமல் வல்லத்தில் இருந்தே எண்ணட்டும். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் தாமதமானால் அந்தப் பயணத்தையே மறுநாள் விடியலுக்குத் தள்ளிப் போடட்டும். குஞ்சு ஓடத் தொடங்கிவிட்டால் நடுவில் நடக்கவே கூடாது. நம்மைப் பார்த்துப் பயந்து ஓடும் குஞ்சு பக்கத்துக் குடும்பத்தின் எல்லைக்குள் போய்க் கொத்துப்படும், அல்லது மணல் நண்டு இழுத்துக்கொண்டு போகும். அப்புறம், ஒவ்வொரு அறிக்கையிலும் இறங்கிய நேரம், ஏறிய நேரம், எத்தனை பேர், பறவை திரும்பி முட்டையில் உட்கார எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதட்டும். முட்டையின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கையில் குஞ்சை வைத்துக்கொண்டு நிற்கும் படத்தை இனி போட வேண்டாம். போன வாரம் அந்தப் படத்தை வெட்டி எடுத்துவந்து, ‘டீச்சர், நாங்களும் தீடைக்குப் போகலாமா?’ என்று என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அந்த இரண்டு கோடையின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேரம் எழுதாத பக்கங்களில் நினைவிருக்கும் வரை பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஏப்ரலில் தீடைக்குப் போகப்போகிறவர்கள் யாராக இருந்தாலும், உங்கள் அலுவலகம் மூலமாகக் கேட்டால் பிரதி எடுத்துத் தருகிறேன். 17ஆம் குச்சி முதல் நோட்டில் இல்லை, இரண்டாவது நோட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை,
ராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)